உபதேசியாருக்கு முன்னே வந்த குரல்

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், தயாபரபுரம் உபதேசியார் ஞானதிரவியத்தின் தொண்டையைத் திறந்து, புற்று பிடித்த குரல்வளையை முழுசாக எடுத்துப்போட்ட அன்றைக்குச் சாயங்காலமே அவருடைய குரல் ஊர் திரும்பிவிட்டது. அவர் திரும்பி வர இன்னும் பல நாள் கிடந்தது.

அது எப்படி வந்தது என்று ஊரில் யாரும் பெரிதாக ஆராயவில்லை. நாகர்கோவிலில் பஸ் மாறி வந்திருக்கும் என்றார்கள். பின்சீட்டில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டே வந்ததாகவும், டிக்கெட் கேட்கப் போனால் சீட்டு காலியாக இருந்ததாகவும் கண்டக்டர் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. பஸ்ஸை விட்டு இறங்கித் தேரிக்காட்டுச் செம்மணலைத் தாண்டி வந்த குரல் தன் வீட்டுக்குப் போகவில்லை, வேதக்கோயிலுக்கும் போகவில்லை. பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுக் கட்டிலோடு கிடந்த அருள்தாசன் வீட்டுக்குள் நுழைந்து, கட்டிலின் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மாலை ஜெபத்தை ஆரம்பித்தது.

அடுப்படியில் நின்ற அருள்தாசனின் பெண்சாதி லில்லிபுஷ்பம், உபதேசியார்தான் வந்துவிட்டார் என்று நினைத்துக் கருப்பட்டிக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலில் ஆளில்லை. ஆளில்லாத இடத்திலிருந்து, ஊரில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் காதுகுத்துக்கு முன்பே பழகிப்போன அந்தக் கனத்த குரல், வியாதியஸ்தரையும் விதவைகளையும் கடல்மேல் போனவர்களையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தது. அவள் காப்பியை ஸ்டூலின் காலடியில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆமென் வரைக்கும் கண்மூடி நின்றாள்.

"பாவம், ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்கனதான் வந்திருக்கு" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அது வீடு வீடாகப் போக ஆரம்பித்தது. வாதத்தில் கிடந்த கிழவர் வீட்டில் காலையில் கேட்டது, மாப்பிள்ளை விட்டுப்போன பெண் வீட்டில் மத்தியானம் கேட்டது, பரீட்சையில் தோற்று அரளிக் கொட்டையைத் தின்றுவிட்டுப் பிழைத்துக்கொண்ட பெண்பிள்ளையின் வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் கேட்டது. தயாபரபுரம் கொஞ்சம் திகைத்தது, அப்புறம் அதை எப்படி உபசரிப்பது என்கிற யோசனையில் இறங்கிவிட்டது. ஆளில்லாததற்கு எதற்கு நாற்காலி என்று பெண்கள் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, போடாவிட்டால் நின்றுகொண்டே ஜெபிக்குமே, வயசான குரல் அல்லவா என்று ஒருத்தி சொன்னாள், அதோடு நாற்காலி முடிவாகிவிட்டது. காப்பி விஷயத்தில் மட்டும் கடைசிவரை ஊர் ஒருமனப்படவில்லை. கொடுக்கிறவர்கள் கொடுத்தார்கள், ஆறிப்போன காப்பியை வீட்டில் யாராவது குடித்தார்கள், குடித்தவர்களுக்கு நல்ல தூக்கம் வந்ததாகவும் பேச்சிருந்தது.

சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பாதிரியாராக இருந்த சேகரகுரு ஸ்கூட்டரில் வந்து விசாரித்தார்.

"வேதத்துக்கு விரோதமா ஏதாவது சொல்லுதா?"

"இல்லைங்கய்யா."

"காணிக்கை கேக்குதா?"

"இல்லைங்கய்யா. காப்பிகூடக் குடிக்கதில்ல."

"அப்ப விட்ருங்க. ஊழியம் செய்யுததைத் தடுக்க நமக்கு என்ன அதிகாரம்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தவர், கிளம்புகிற சமயத்தில் குரலைத் தாழ்த்தி, "ஒரு நாள் எங்க வீட்டுப் பக்கமும் வரச் சொல்லுங்க" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அதில் ஒரு சங்கடமும் இருந்தது. கல்யாண வீட்டுக்கோ, புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கோ அந்தக் குரல் போவதில்லை. கஷ்டம் இருக்கிற வீட்டுக்குத்தான் போயிற்று. ஆகவே ஒரு வீட்டுக்குள் உபதேசியாரின் குரல் கேட்டால் அங்கே என்னவோ இருக்கிறது என்று தெரு தெரிந்துகொண்டது. பலசரக்குக் கடை ஆசீர்வாதம், புருஷன் வீட்டில் அடிபட்டுத் திரும்பி வந்த மகளை மாடி அறையில் வைத்து, மெட்ராசில் சுகமாக இருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த மாடியிலிருந்து ஜெபம் கேட்டது. அவர் ஜன்னலை எல்லாம் அடைத்தார், ரேடியோவைச் சத்தமாக வைத்தார், கடைசியில் தெருவுக்கு வந்து நின்று, "ஆமா, எம்மவ இங்கனதான் இருக்கா, இப்ப என்னாங்கிய" என்று ஊரைப் பார்த்துக் கேட்டுவிட்டு அழுதார். அன்றைக்குச் சாயங்காலம் லில்லிபுஷ்பம் ஒரு தூக்குவாளியில் மீன்குழம்போடு அந்த மாடிப்படி ஏறினாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஞானதிரவியம் ஊர் வந்து சேர்ந்தார். கழுத்தின் நடுவில் ஒரு துவாரம், அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அந்தத் துவாரத்தின் வழியாகத்தான் போய் வந்தது. மூக்குக்கு வாசனை தெரியவில்லை, இருமல் வந்தால் கழுத்தில் வந்தது, வாயை அசைத்தால் உதடு மட்டும் அசைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் ஆண்டவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார். கையையோ காலையோ எடுத்திருக்கலாமே, எனக்கு இருந்தது இந்தத் தொண்டை ஒன்றுதானே, அதையும் உமக்குத்தானே கொடுத்து வைத்திருந்தேன் என்று கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார், தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. வாய் போன பிறகு மனசையும் அவர் சாத்திக்கொண்டார். ஜெபம் செய்வதை நிறுத்திவிட்டார். யாருக்கும் தெரியாது, வாயில்லாத மனுஷன் ஜெபிக்கிறானா இல்லையா என்று யாருக்குத் தெரியும்.

அவர் மனைவி சொர்ணபாய்தான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"ஒங்க சத்தம் ஊர்ல இருக்கு. நம்ம வீட்டுக்கு மட்டும் இன்னும் வரல. நீங்க வரட்டும்னு இருக்கோ என்னவோ."

அவர் நம்பவில்லை. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து அதைக் கேட்டார். அவருடைய குரலேதான், அவர் வழக்கமாகச் சொல்கிற அதே வார்த்தைகள்தான். ஆனால் சொல்கிற விதம் அவருடையதல்ல. அவர் ஜெபித்தால் கோயில் மணி அடித்த மாதிரி இருக்கும், ஒரு இடத்தில் தட்டாது, ஒரு வார்த்தை தொங்காது, கேட்கிறவர்கள் மெய்மறந்து நிற்பார்கள். இந்தக் குரலோ நடுவில் நின்றது, திக்கியது, வார்த்தையைத் தேடியது, நோயாளியின் பெயரைச் சொல்லும்போது உடைந்து அழுதது. ஒரு நாளும் அவர் ஜெபத்தில் அழுதவரில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. என்னை இங்கே ஓட்டை விழுந்த பானையாகப் போட்டுவிட்டு என் குரல் மட்டும் விசுவாசத்தோடு ஊர் சுற்றுகிறதா என்று நினைத்தார். அதைப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தார். மறுநாள் காலையிலிருந்து அது போகிற வீட்டுக்கெல்லாம் பின்னாலேயே போனார். அது ஜெபிக்கும்போது அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காற்றைக் கவ்வுகிறவர்போல் வாயைத் திறந்து திறந்து மூடினார். குரல் அவர் பக்கம் திரும்பவே இல்லை, ஜெபம் முடிந்ததும் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனது. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. குரலுக்கு ஒரு நாற்காலி, உபதேசியாருக்கு ஒரு நாற்காலி என்று போட ஆரம்பித்தார்கள்.

குரல் எழுந்து போன பிறகு உடனே எழுந்து ஓட அவரால் முடியவில்லை, மூச்சு வாங்கியது. அதனால் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சொல்ல ஒன்றும் இல்லாததால், கட்டிலில் கிடக்கிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அப்படி இருந்த ஒரு நாளில் அருள்தாசன், முகட்டைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. முன்னாடி நீங்க வருவிய, நல்லா ஜெபம் பண்ணுவிய, போயிருவிய. நானும் நன்றின்னு சொல்லுவேன். எனக்கு உள்ள இருந்தது ஒண்ணுகூட ஒங்ககிட்டச் சொன்னதில்ல. சொல்லுததுக்கு இடம் இருந்ததில்ல."

ஞானதிரவியம் அவன் முகத்தைப் பார்த்தார்.

"மரத்துலேருந்து விழும்போது நான் கையை விட்டேன் அண்ணாச்சி. வழுக்கல. எனக்கு அன்னைக்கு அலுத்துப் போச்சி, விட்டுட்டேன். லில்லிக்குக்கூடத் தெரியாது. இப்ப அவ எனக்குச் சோறு ஊட்டுதா."

உபதேசியாருக்கு வாய் இருந்திருந்தால் ஒரு வசனம் சொல்லியிருப்பார். வாய் இல்லை. அவர் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, லில்லிபுஷ்பம் தண்ணீர் எடுத்து வருகிற வரைக்கும் இருந்தார். அதற்குப் பிறகு அவர் குரலைப் பிடிக்கப் போனாரா, கட்டில்களைப் பார்க்கப் போனாரா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

மழைக்காலம் வந்தது. தெற்குத் தெருவில் எமிமாள் என்றொரு இளவயசுத் தாய் இருந்தாள். புருஷனுக்கு பம்பாயில் கடை வேலை, மகள் ஜெபிஷா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. தூத்துக்குடிக்குக் கொண்டு போனார்கள், குரலும் கூடவே போனது. ஆஸ்பத்திரி வார்டில், சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குகிற கம்பியின் பக்கத்தில் நின்று விடாமல் ஜெபித்தது, பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட அதற்கு ஆமென் சொன்னார்கள். பிள்ளை பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீடு திரும்பிய எமிமாளுக்கு ஆறுதல் சொல்லக் குரல் உள்ளே வந்தபோது, அவள் எழுந்து நின்றாள்.

"வெளிய போ. எம்புள்ள தலைமாட்டுல நின்னு எம்புட்டு நேரம் கேட்ட? கேட்டது கெடைச்சுதா? இனி இந்த நடைக்குள்ள நீ வரப்பிடாது."

குரல் வெளியே போயிற்று. ஆனால் தெருவை விட்டுப் போகவில்லை. தெருமுனையில் நின்ற முள்ளடர்ந்த உடைமரத்தடியில் போய் நின்றுகொண்டது. அங்கே என்ன சொன்னது என்று கேட்க முடியாதபடி மெல்லிய முணுமுணுப்பாக இருந்தது. அந்த வழியாகப் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். அடக்கத்துக்கு வந்த புருஷன் கொஞ்ச நாள் இருந்துவிட்டு பம்பாய்க்குத் திரும்பினான். எமிமாள் கதவைச் சாத்தினாள். ஆறுதல் சொல்ல வந்த யாரையும் உள்ளே விடவில்லை, சேகரகுருவையும் விடவில்லை. அவள் அழவும் இல்லை, அதுதான் ஊருக்குப் பயமாக இருந்தது.

ஞானதிரவியத்துக்கு மட்டும் அவளைப் பற்றிப் பயம் வரவில்லை. ஆண்டவரோடு பேச்சை நிறுத்திக்கொண்ட இன்னொரு ஆள் ஊரில் இருக்கிறது என்று நினைத்தார். ஒரு நாள் காலையில் போய் அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"நீங்களா, அதுவா?"

அவர் கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்கன்னா இரிங்க மாமா. ஒங்களால ஒண்ணும் சொல்ல முடியாது."

தினமும் போனார். அவள் பிள்ளையின் சின்ன கவுனைத் துவைத்துக் காயப்போடுவாள், மடிப்பாள், மறுநாள் மறுபடியும் துவைப்பாள். முதலில் பேசவில்லை, அப்புறம் பேசினாள், பேசினால் ஆண்டவரைத்தான் பேசினாள். கோயிலில் சொன்னால் காதைப் பொத்துகிற வார்த்தைகளை எல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தான் ஆஸ்பத்திரியில் நினைத்ததையும் நினைக்கப் பயந்ததையும் அவள் வாயால் கேட்கிறபோது, அவருக்கு யாரோ தன் வீட்டுக்குள் வந்து விளக்கேற்றியதுபோல் இருந்தது. அவள் அவர் உதட்டை வாசிக்கப் பழகிக்கொண்டாள். தண்ணி, வெயில், போயிட்டு வாரேன் என்கிற சின்னச் சின்ன வார்த்தைகள்.

ஒரு நாள் அவள் கவுனை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மாமா, பொய் சொல்லாம சொல்லுங்க. அந்த ஆஸ்பத்திரியில, எம்புள்ள மூச்சுக்குத் திணறும்போது, ஆண்டவரு அங்கன இருந்தாரா?"

அவருக்குத் தெரியவில்லை. கை அதுவாகக் கழுத்துக்குப் போய்த் துணியின் முடிச்சை அவிழ்த்தது. டாக்டரையும் சொர்ணபாயையும் தவிர யாரும் பார்த்திராத அந்தச் சிவந்த துவாரத்தை அவளுக்குக் காட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் அவளுடைய கையை எடுத்து அதன் முன்னால் பிடித்தார். சூடான மூச்சு அவள் உள்ளங்கையில் வந்து பட்டது, போயிற்று, மறுபடியும் வந்து பட்டது.

அந்த நேரத்தில்தான் அவருக்கு ஒன்று தோன்றியது. வருஷாவருஷம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அவர் ஒரே பிரசங்கம் செய்து வந்திருக்கிறார், உயிர்த்தெழுந்த ஆண்டவரின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீஷனைப் பற்றி; அவனுடைய அவிசுவாசத்தை மணியடித்த மாதிரிக் கண்டித்திருக்கிறார். சாவையே ஜெயித்து எழுந்து வந்தவர் ஏன் அந்தக் காயங்களை ஆற்றிக்கொண்டு வரவில்லை, ஏன் திறந்த கையோடும் திறந்த விலாவோடும் வந்து நின்றார் என்று ஒரு தடவைகூட அவர் கேட்டுக்கொண்டதில்லை. பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த சீஷர்களிடம் தன்னை யாரென்று காட்ட ஆண்டவரிடம் வேறு அடையாளம் இருக்கவில்லை.

எமிமாள் கையை எடுக்கவில்லை. மூச்சு வந்து வந்து படப் பட அவள் உதடு கோணியது, தோள் குலுங்கியது, அப்புறம் அவள் அழுதாள். தெருவுக்குக் கேட்க அழுதாள். சுற்று வீடுகளில் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். உள்ளே போகவில்லை, நின்ற இடத்தில் அவர்களும் அழுதார்கள்.

அழுது ஓய்ந்த பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஜெபம் பண்ணுங்க மாமா."

அவர் தெருமுனையைப் பார்த்தார். உடைமரத்தடியில் முணுமுணுப்பு நின்று போயிருந்தது.

"அது வேண்டாம். நீங்க பண்ணுங்க."

ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவையாக ஞானதிரவியம் கண்ணை மூடினார். பழைய வார்த்தை ஒன்றும் வரவில்லை. உதடுகள் மெல்ல அசைந்தன, அவள் அதை வாசித்து வாசித்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளையைப்போல ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னாள்.

"ஆண்டவரே... நாங்க ரெண்டு பேரும்... ஒம்மேல கோவமா இருக்கோம். எங்களுக்கு ஒண்ணும் விளங்கல. ஆனா... எங்கயும் போகல. இங்கனதான் இருக்கோம். நீரும்... போயிராதேயும்."

அன்றிலிருந்து தயாபரபுரத்தில் அந்தக் குரல் தனியாகக் கேட்கவில்லை. சிலர் அது திரும்பிப் போய்விட்டது என்றார்கள், சிலர் அதற்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்றார்கள். நாற்காலிகளை யாரும் எடுத்து வைக்கவில்லை, அவற்றில் ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். கடைக்கார ஆசீர்வாதத்தின் மகள் அரளி தின்ற பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அருள்தாசன் எல்லாவற்றையும் லில்லிபுஷ்பத்திடம் சொன்னான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசாமல் சோறு மட்டும் ஊட்டினாள், மூன்றாம் நாள் பேசினாள். வியாதிப்பட்ட வீடுகளுக்கு உபதேசியாரும் எமிமாளும் சேர்ந்தே போனார்கள். அவர் உதட்டை அசைப்பார், அவள் சொல்லுவாள். சில வார்த்தைகளைச் சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டிவிடுவாள். அவர் வற்புறுத்தாமல் வேறு வார்த்தையைத் தேடுவார்.

ஈஸ்டர் விடியலில் ஊர் வழக்கப்படி எல்லாரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அவரவர் கல்லறையில் விளக்கேற்றி, மல்லிகைச் சரத்தை வைத்து நின்றார்கள். ஜெபிஷாவின் மண்மேட்டுக்கு இன்னும் கல் கட்டவில்லை; தேரி மணல் காற்றில் சரிந்துகொண்டிருந்தது, எமிமாள் மண்டியிட்டு அதை இரண்டு கையாலும் அணைத்து ஏற்றினாள். சேகரகுரு உபதேசியாரைப் பார்த்துத் தலையசைத்தார். ஞானதிரவியம் உதட்டை அசைத்தார், எமிமாள் மண்ணிலிருந்து கையை எடுக்காமலே அண்ணாந்து அதை வாசித்துச் சொன்னாள். செத்தவர்களின் பெயரெல்லாம் சொன்னாள். தன் பிள்ளையின் பெயரையும் சொன்னாள். கடைசியில் அவர் உதட்டில் ஆமென் வந்தது, அவள் அதைச் சொல்லவில்லை. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், அதற்குமேல் அவளால் முடியவில்லை.

பிறகு லில்லிபுஷ்பம் ஆமென் என்றாள். ஆசீர்வாதம் சொன்னார், அவர் மகள் சொன்னாள், சேகரகுருவும் அவர் மனைவியும் சொன்னார்கள், ஊர் முழுக்க எமிமாளுக்காகச் சொன்னது. அந்தச் சத்தத்தில், கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து, எல்லாரையும்போல ஒருவராக, உபதேசியாரின் குரலும் சொன்னதாகக் கேட்டவர்கள் சொன்னார்கள். சொர்ணபாய் கேட்டாள். ஞானதிரவியமும் கேட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எமிமாள் எழுந்திருக்கக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து முழங்கால் மணலைத் தட்டிவிட்டு, காற்றில் விலகியிருந்த அவர் கழுத்துத் துணியைச் சரியாக இழுத்துக் கட்டினாள்.

"வெயில் ஏறுது மாமா" என்றாள். "நடங்க. வடக்குத் தெருவுல ஒரு வீட்டுல பார்க்கணும்னு சொல்லிவிட்டிருக்காவ."